ஸ்விட்சைப் போடாதீர்கள்! முதலில் கண்டென்சரை மாற்றுங்கள்!

சென்னையில் எனக்குத் தெரிந்த ஒரு வீடு. அந்த வீட்டுப் பெரியவர் அமெச்சூர் ரேடியோக்காரர். 'ஹாம்' என்று சொல்வார்கள். அவர் காலமாகி ஒரு வருஷம் ஆயிற்று. பொங்கலுக்கு வீட்டை ஒழித்தபோது, பரண் மேல் அவருடைய ரேடியோ கிடைத்தது. சாம்பல் நிறப் பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டி. இரண்டு பேர் சேர்ந்துதான் கீழே இறக்கினார்கள்.

மகன் தூசியைத் துடைத்தார். "அப்பா ஞாபகமாக ஒரு தடவை பாட வைத்துப் பார்ப்போம்" என்றார். பிளக்கைச் செருகினார். ஸ்விட்சைப் போட்டார்.

நான் அப்போது பக்கத்தில் இருந்தேன். முகப்பு விளக்கு எரிந்தது. பேத்தி கைதட்டினாள். பெரியவரின் மனைவி சமையல் அறையிலிருந்து ஓடி வந்து பார்த்தார். பிறகு 'உம்' என்று ஒரு இரைச்சல் கிளம்பியது. தேன்கூட்டில் கல்லெறிந்த மாதிரி இருந்தது. ரேடியோ சூடாகிறது என்று நினைத்துக் காத்திருந்தோம். பத்து நிமிஷத்தில் தார் உருகும் நாற்றம் வந்தது. அடுத்து, புகை! பிளக்கைப் பிடுங்கினோம். ஆனால் காரியம் கெட்டுவிட்டது. உள்ளே இருந்த டிரான்ஸ்பார்மர் கருகிப் போயிருந்தது.

குற்றவாளி யார் தெரியுமா? கட்டைவிரல் பருமன் உள்ள ஒரு கண்டென்சர். அதற்குப் பதிலாகப் புதியது வாங்க ஆகும் செலவு, ஒரு டீயும் வடையும் சாப்பிடுகிற காசுதான்.

அன்று முதல் இந்த விஷயத்தைப் பற்றி விசாரித்து வருகிறேன். படித்தேன். பழைய மெக்கானிக்குகளிடம் கேட்டேன். விசாரித்த அளவில் எனக்கு ஒரு தீர்மானமான அபிப்பிராயம் ஏற்பட்டிருக்கிறது. பழைய வால்வு ரேடியோ எதுவானாலும், குறிப்பிட்ட சில கண்டென்சர்களை மாற்றாமல் அதற்கு மின்சாரம் கொடுக்கக் கூடாது. "ஓடுகிற வரையில் ஓடட்டும்" என்பது இதில் செல்லாது. அதே சமயம், கண்ணில் பட்டதை எல்லாம் பிடுங்கி எறிவதும் தவறு.

ஹாம் என்பவர் யார்?

சர்க்கார் நடத்தும் பரீட்சையில் தேறி, லைசென்சு வாங்கி, வீட்டிலிருந்தே ரேடியோ மூலம் உலகத்தோடு பேசுகிறவர்தான் ஹாம். இதில் சம்பளம் கிடையாது. ஆசைதான் காரணம். ஆனால் ஆபத்துக் காலத்தில் இந்த ஆசை ஊருக்கு உதவும். 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தபோது, பாரதி பிரசாத் என்ற ஹாம் தம் குழுவுடன் போர்ட் பிளேரில் இருந்தார். அந்தமானில் டெலிபோன் அறுந்து கிடந்த நேரத்தில், அவர்களுடைய ரேடியோதான் செய்தி சொன்னது.

இன்றைய ஹாம்கள் வைத்திருப்பது கைக்கு அடக்கமான புதுக் கருவிகள். பழைய தலைமுறை அப்படி அல்ல. 1945-ல் யுத்தம் முடிந்ததும், ராணுவத்துக்கு வேண்டாத ரேடியோ சாமான்கள் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. அந்தக் காலத்து ஹாம்கள் அவற்றை வாங்கித் திருத்தி உபயோகித்தார்கள். அப்படிப்பட்ட பெட்டிகள் சில வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அவற்றைத் தேடிப் பிடித்து ஓட வைப்பதே ஒரு பெரிய பொழுதுபோக்கு.

ஓதம் ஏறிய சுவர்

கண்டென்சர் என்ற பெயர் நமக்குப் புதிதல்ல. மின்விசிறி மெதுவாகச் சுற்றினால், "கண்டென்சர் போய்விட்டது" என்று எலெக்ட்ரீஷியன் சொல்கிறாரே, அதே ஜாதிதான் இதுவும்.

இரண்டு உலோகத் தகடுகள். நடுவே மின்சாரம் பாயாத ஒரு பொருள். கண்டென்சர் என்பது அவ்வளவுதான். இரண்டு வீட்டுக்கு நடுவே உள்ள பொதுச் சுவரை நினைத்துக் கொள்ளுங்கள். இந்தப் பக்கம் தட்டினால் அந்தப் பக்கம் சத்தம் கேட்கும். ஆனால் ஆள் போக முடியாது. கண்டென்சரும் அப்படியே. முன்னும் பின்னும் துடிக்கும் மின்சாரத்தை, அதாவது பாட்டையும் பேச்சையும், அந்தப் பக்கம் விடும். ஒரே திசையில் பாயும் மின்சாரத்தைத் தடுத்து நிறுத்தும்.

பழைய காலத்தில் அந்த நடுச் சுவரைக் காகிதத்தால் செய்தார்கள். காகிதத்தைச் சுருட்டி மெழுகில் முக்கினார்கள். 60, 70 வருஷம் ஆனால் என்ன ஆகும்? மெழுகு விரியும். காகிதம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். சுவரில் ஓதம் ஏறிவிட்டது! தடுத்து நிறுத்த வேண்டிய மின்சாரம் கசிய ஆரம்பிக்கும்.

கசிவு கொஞ்சம்தானே என்று கேட்கலாம். அந்தக் கொஞ்சம் செய்யும் வேலையைப் பாருங்கள். ஸ்பீக்கரை ஓட்டும் பெரிய வால்வுக்கு முன்னால் ஒரு கண்டென்சர் இருக்கும். அதன் ஒரு பக்கத்தில் சுமார் 100 வோல்ட். மறுபக்கம் வால்வின் 'கிரிட்'. கிரிட் என்பது குழாயைத் திறந்து மூடும் திருகு மாதிரி. நல்ல கண்டென்சரானால் அந்த 100 வோல்ட்டில் ஒன்றுகூட கிரிட்டுக்குப் போகாது.

கண்டென்சர் கெட்டு, அதன் தடை ஒரு கோடி ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோடி என்றால் பெரிய தொகையாகத் தோன்றும். ஆனால் கிரிட்டில் இருக்கும் ரெசிஸ்டர் 5 லட்சம் ஓம் என்றால், கிரிட்டில் ஏறக்குறைய 5 வோல்ட் ஏறிவிடும். '6வி6' என்ற பெயர்பெற்ற வால்வை எடுத்துக் கொண்டால், 250 வோல்ட்டில் வேலை செய்யும்போது அதன் கிரிட் 12½ வோல்ட் கீழே இருக்க வேண்டும். அதில் 5 வோல்ட் குறைந்தால், திருகு திறந்துகொண்ட குழாய்தான். வால்வு வேண்டாத மின்சாரத்தை எல்லாம் இழுக்கும். வால்வு சிவக்கும். அதன் டிரான்ஸ்பார்மர் சுடும். மெயின் டிரான்ஸ்பார்மருக்கும் பாரம் ஏறும். இத்தனையும் நடக்கும்போது ரேடியோ பாடிக்கொண்டேதான் இருக்கும்! கொஞ்சம் கரகரப்பாகப் பாடும். அவ்வளவே. அதனால்தான் "பாடுகிறதே, எதற்கு மாற்ற வேண்டும்?" என்ற கேள்வியை நான் ஒப்புக்கொள்வதில்லை.

சாதாரண மீட்டரை வைத்துப் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று சொல்வதிலும் அர்த்தமில்லை. மீட்டர் கொடுப்பது சில வோல்ட்தான். கசிவு தலைகாட்டுவது 100, 200 வோல்ட் ஏறும்போது.

நாலு பொக்கிஷத்துக்கு ஒரு காவல்காரன்

இதற்கு ஒரு பிரசித்தமான உதாரணம் உண்டு. அமெரிக்க ராணுவத்துக்காக 1950-களில் 'ஆர்-390ஏ' என்ற ரிசீவர் செய்யப்பட்டது. காலின்ஸ் கம்பெனி வடிவமைத்தது. பிறகு பல கம்பெனிகள் அதைச் செய்து கொடுத்தன. பல்சக்கரங்கள் நிறைந்த அற்புதமான யந்திரம். ராணுவம் கைவிட்ட பிறகு ஹாம்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். இன்றும் அதற்கு மவுசு குறையவில்லை.

அதன் உயிர்நாடி, 'மெக்கானிகல் பில்டர்' என்ற நான்கு குழல்கள். உள்ளே சிறு உலோகத் துண்டுகள் அதிர்ந்து, வேண்டிய ஸ்டேஷனை மட்டும் பிரித்துக் கொடுக்கும். பக்கத்து ஸ்டேஷனின் இரைச்சலை அண்ட விடாது. அந்தக் குழல்களில் தலைமுடி போன்ற சன்னக் கம்பிச் சுருள் இருக்கிறது.

இந்த நான்கு குழல்களுக்கும் வாசலில் காவல் நிற்பது ஒரே ஒரு கண்டென்சர். சர்க்கியூட் படத்தில் அதன் பெயர் சி-553. அளவு 0.01 மைக்ரோபாரட். அதற்கு ஒரு பக்கம் 200 வோல்ட் வாக்கில் இருக்கிறது. மறுபக்கம் சன்னக் கம்பி. சி-553 கசிந்தால், எந்தக் குழல் இணைப்பில் இருக்கிறதோ அதன் கம்பி அறுந்துபோகும். அறுந்தால் ஒட்டுவது மிகவும் கடினம். மாற்றுக் குழல் வேண்டுமானால் பெரும்பாலும் வேறொரு ஆர்-390ஏ-யைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.

ஆகவே, அந்த ரிசீவரை வாங்குகிறவர்களுக்கு அனுபவஸ்தர்கள் முதலில் சொல்லும் புத்தி, "சி-553-ஐ மாற்றினாயா?" என்பதுதான். மாற்றாமல் ஸ்விட்சைப் போட்டவர்களும் உண்டு. ஒன்றும் ஆகாமல் தப்பித்தவர்கள் அநேகம். தப்பிக்காதவர்களும் இருக்கிறார்கள்.

பட்டை போட்ட கருப்புக் குழல்

எதை மாற்ற வேண்டும்? காகிதக் கண்டென்சர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அமெரிக்கப் பெட்டிகளில் கருப்பாக, பளபளவென்று, கலர் பட்டை போட்ட குழல்கள் இருக்கும். 'பிளாக் பியூட்டி' என்று பெயர். கருப்பு அழகி! பார்ப்பதற்குப் புதிது போல இருக்கும். ஆனால் உள்ளே எண்ணெயில் நனைத்த காகிதம். உடம்பில் கீறல் விழுந்து ஒழுகும். கெட்டிருக்கிறதா என்று சோதிக்கக்கூட வேண்டாம், கண்டவுடன் கழற்று என்பதே அனுபவம் உள்ளவர்களின் கட்சி.

அடுத்தது எலெக்ட்ரோலைட்டிக். சென்னை வீட்டில் புகை கிளப்பியது இதுதான். அலுமினியத் தகட்டின் மேல் படிந்த மெல்லிய படலம்தான் இதில் சுவர். உள்ளே ஈரப் பசை உண்டு. வருஷக் கணக்கில் சும்மா கிடந்தால் பசை காயும். படலம் நலியும். திடீரென்று 300 வோல்ட் கொடுத்தால், சுவர் இடிந்த மாதிரி மின்சாரம் பாய்ந்துவிடும். வெடிப்பதும் உண்டு.

"மெல்ல மெல்ல வோல்ட்டை ஏற்றினால் பழைய எலெக்ட்ரோலைட்டிக் பிழைத்துக்கொள்ளும்" என்று சிலர் சொல்கிறார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. படலம் மறுபடி படியும். ஆனால் காய்ந்த பசை ஈரமாகுமா? தவிர, ரெக்டிபையர் வால்வு உள்ள பெட்டியில் இந்த வித்தை சரிப்படாது. வோல்ட் குறைவாக இருக்கும்போது அந்த வால்வு சூடேறாது. சூடேறாத வால்வு மின்சாரம் தராது. பாதி தூரம் ஏறிய பிறகு திடுமென்று தரும். மெல்ல ஏற்றியதாக நாம் நினைத்துக் கொள்ள வேண்டியதுதான்! 60 வயசுக் கண்டென்சரை நம்பி டிரான்ஸ்பார்மரைப் பணயம் வைப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

மைக்கா கண்டென்சர், பீங்கான் வில்லை, காற்றில் சுழலும் பெரிய டியூனிங் கண்டென்சர் இவை எல்லாம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். தொடாதீர்கள். முக்கியமாக ஸ்டேஷன் பிடிக்கும் பகுதியில் கை வைத்தால், டயலில் ஒரு இடம், சத்தம் ஒரு இடம் என்று ஆகிவிடும். அங்கே ஒன்று உண்மையிலேயே கெட்டிருந்தால், சில்வர் மைக்காவோ, 'சி0ஜி' வகைப் பீங்கானோ போட வேண்டும். சாதாரணப் பீங்கான் வில்லை சூட்டுக்குத் தகுந்தபடி அளவு மாறும். ஸ்டேஷன் நகர்ந்துகொண்டே போகும்.

கடையில் என்ன கேட்பது?

காகிதத்துக்குப் பதில் பிளாஸ்டிக் பிலிம் கண்டென்சர் வாங்குங்கள். பாலிபுரொபிலீன், பாலியெஸ்டர் இரண்டும் ஏற்றவை. 630 வோல்ட் என்று போட்டிருந்தால் ரிசீவரில் அநேகமாக எங்கும் பொருந்தும். பழைய பெட்டியில் 0.05 என்று இருக்கும், கடையில் 0.047 கொடுப்பார்கள். 0.02 கேட்டால் 0.022 வரும். கவலைப்பட வேண்டாம். பழைய காகிதக் கண்டென்சர்களே எழுதியிருந்த அளவில் அப்படி ஒன்றும் துல்லியமாக இருந்தவை அல்ல.

எலெக்ட்ரோலைட்டிக்கில் 8-க்குப் பதில் 10 போடலாம். 16-க்கு 22 போடலாம். ஆனால், "பெரிதாகப் போட்டால் இரைச்சல் குறையும்" என்று ரெக்டிபையர் வால்வுக்கு அடுத்தபடி உள்ள கண்டென்சரை 100 ஆக்கிவிடாதீர்கள். அதை நிரப்ப வால்வு ஒவ்வொரு துடிப்பிலும் பெரும் மின்சாரத்தைத் தர வேண்டியிருக்கும். வால்வின் ஆயுள் முடிந்துவிடும். வோல்ட் அளவு மட்டும் பழையதற்குக் குறையவே கூடாது. காரணம், ஸ்விட்சைப் போட்டதும் சில ரெக்டிபையர்கள் முந்திக்கொண்டு சூடாகிவிடும். மற்ற வால்வுகள் விழித்துக்கொள்ளும் வரை வோல்ட் எக்கச்சக்கமாக ஏறி நிற்கும்.

ரிச்சி தெருவிலோ வேறு எங்கோ, "பழைய ஸ்டாக், பிரிக்காத பாக்கெட், ஒரிஜினல் சாமான்" என்று யாராவது காட்டினால் மயங்காதீர்கள். பாக்கெட்டில் இருந்தாலும் காகிதத்துக்கு வயசு ஆகும். பசை காயும். விற்காத பழசும் பழசுதான். அதே போல, பாட்டு இனிக்கும் என்று சொல்லி ஆயிரக் கணக்கில் விலை போட்டு விற்கும் 'விசேஷ' கண்டென்சர்களும் நமக்கு வேண்டாம். காசு கரியாகும்.

மற்றொரு வழக்கம் இருக்கிறது. பழையதை அப்படியே விட்டுவிட்டு, அதன் தலையில் புதியதை இணைத்துவிடுகிறார்கள். இது சோம்பேறி வேலை. கசிகிற பானையின் பக்கத்தில் புதுப் பானை வைத்தால் கசிவு நிற்குமா? பழையதன் இணைப்பைத் துண்டித்துத்தான் ஆக வேண்டும்.

ஒவ்வொன்றாக மாற்றுங்கள். மாற்றுமுன் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வெட்டிப் போட்டுவிட்டு, எது எங்கே என்று விழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வேலை முடிந்து முதல் தடவை மின்சாரம் கொடுக்கும்போது, 60 வாட் குண்டு பல்பு ஒன்றை வழியில் இணைத்துக் கொடுங்கள். மெக்கானிக்குகள் 'சீரிஸ் போர்டு' என்பார்கள். பல்பு பளிச்சென்று எரிந்து, அப்படியே நின்றால் உள்ளே கோளாறு. எரிந்து மங்கினால் நல்ல சகுனம். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது.

உயிருக்கு ஆபத்து

இதுவரை சொன்னது ரேடியோவின் உயிரைப் பற்றி. நம் உயிரைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

சில மலிவான பெட்டிகளில் மெயின் டிரான்ஸ்பார்மரே கிடையாது. 1946-ல் அமெரிக்காவில் வந்த 'ஹாலிகிராப்டர்ஸ் எஸ்-38' அப்படிப்பட்டது. ரேமண்ட் லோவி என்ற புகழ்பெற்ற நிபுணர் அழகாக வடிவமைத்த பெட்டி. எத்தனையோ பையன்கள் ஹாம் ஆனது அதைக் கேட்டுத்தான். ஆனால் சுவரிலிருந்து வரும் மின்கம்பி நேரே உள்ளே போகிறது. அந்தக் கம்பிக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே நிற்பது ஒரு கண்டென்சர். அது கசிந்தால் பெட்டியைத் தொட்டவர் ஷாக் அடித்து விழுவார். இந்த இடத்தில் எந்தப் பிலிம் கண்டென்சரையும் போடலாம் என்பது தவறு. கம்பிக்கும் சட்டத்துக்கும் நடுவே 'ஒய்' என்று முத்திரை உள்ளதையும், இரண்டு மின்கம்பிக்கு நடுவே 'எக்ஸ்' முத்திரை உள்ளதையும்தான் போட வேண்டும். 'ஒய்' முத்திரை உள்ளது கெட்டுப்போனாலும் மின்சாரத்தைச் சட்டத்தில் பாய விடாதபடி செய்யப்பட்டது. இத்தகைய பெட்டி வீட்டில் இருந்தால், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

டிரான்ஸ்மிட்டர் இன்னும் பொல்லாதது. 600 வோல்ட், 2000 வோல்ட் என்று இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். அறிந்தவர்கள், இன்சுலேஷன் உள்ள கம்பியில் ரெசிஸ்டர் ஒன்றை இணைத்துத் தொட வைத்து அதை இறக்குவார்கள். பிறகு மீட்டரால் அளப்பார்கள். சூனியம் என்று கண்ட பிறகே கை வைப்பார்கள். அதிலும் ஒரு கையைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள். இரண்டு கையும் உள்ளே போனால், மின்சாரம் நெஞ்சு வழியாகப் போக வழி ஏற்பட்டுவிடும் அல்லவா? பழக்கம் இல்லாதவர்கள் டிரான்ஸ்மிட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது.

அந்தப் பெட்டிகளில் செங்கல் போன்ற தகரக் கண்டென்சர்கள் இருக்கும். உள்ளே எண்ணெய். அமெரிக்கா 1979-ல் தடை செய்த பி.சி.பி. என்ற நச்சு எண்ணெய் அதில் இருக்கக்கூடும். ஒழுகினால் வெறுங்கையால் தொடாதீர்கள். உடைக்காதீர்கள். எரிக்காதீர்கள். எடைக்குப் போட்டுவிடவும் வேண்டாம். உடைக்கிறவனும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே.

"ஒரிஜினல் போய்விடுமே!"

கடைசியாக ஒரு ஆட்சேபம். "பழைய சாமானைக் கழற்றினால் பழமை போய்விடும். பொருட்காட்சிப் பெருமை போய்விடும்" என்பார்கள். நான் இவர்களைக் கேலி செய்ய மாட்டேன். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஓட வைக்கும் எண்ணம் இல்லாமல், கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் போகிறீர்களா? ஒன்றையும் தொடாதீர்கள். பிளக்கை மட்டும் வெட்டிவிடுங்கள், யாரும் ஆசைப்பட்டுச் செருகாமல் இருக்க.

ஓட வைக்க வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது. பழைய அலுமினிய டப்பாவை இடத்திலேயே நிறுத்திவிட்டு, இணைப்பை மட்டும் அறுத்து, புதிய கண்டென்சரை அடியில் மறைவாக வைக்கலாம். பொறுமைசாலிகள் டப்பாவைத் திறந்து, குடலை எடுத்துவிட்டு, புதியதை உள்ளேயே அடக்கிவிடுகிறார்கள். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கழற்றியதை ஒரு உறையில் போட்டு, இன்ன தேதியில் மாற்றியது என்று எழுதி, பெட்டியோடு வைத்துவிட்டால் பின்னால் வருகிறவர்களுக்கும் உதவும்.

சென்னை வீட்டுப் பிள்ளை இப்போது டிரான்ஸ்பார்மர் கட்டிக் கொடுக்கும் ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறார். எத்தனை சுற்று, என்ன கம்பி, எந்த முனையில் எத்தனை வோல்ட் என்று கேட்கிறார்கள். அதெல்லாம் தெரிந்தவர் அப்பா ஒருவர்தான். பெட்டி மறுபடியும் பரணுக்குப் போய்விட்டது.